அப்பாவின் பிக்கப்பில் புதிய வானொலி



பள்ளி விடுமுறையில் செய்த ஒரு வேலையைப் பற்றி எழுத வேண்டும் என்று சில காலமாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். பாடத்திட்டம், தேர்வுத்தாள், பெற்றோர் சந்திப்பு என்றே எழுதி உங்களுக்கும் சலித்திருக்கும். இது பழைய பிக்கப் ஒன்றுக்கு வானொலிப் பெட்டியும் ஒலிபெருக்கிகளும் மாற்றிய கதை. ஆசிரியைக்கு இது என்ன வேலை என்று கேட்பீர்கள். என் கணவரும் அப்படித்தான் கேட்டார்.

பிக்கப் என் அப்பாவுடையது. சுங்கை சிப்புட்டில் வீட்டையொட்டிச் சிறிதளவு நிலம் வைத்திருக்கிறார். வாழை, கத்திரி, முருங்கை, ஓரத்தில் சில செம்பனை மரங்கள். விளைந்ததை ஏற்றிச் செல்ல 2003ஆம் ஆண்டில் பழைய ஹைலக்ஸ் ஒன்றை வாங்கினார். 1996இல் பதிவான, ஒற்றை அறை கொண்ட, 2.4 லிட்டர் டீசல் வண்டி. சாயம் வெளுத்து, பின்தட்டு துருப்பிடித்து, அதனினும் முதிய தோற்றத்தில் இருக்கும். ஆனால் காலையில் ஒரே சுழற்சியில் உயிர்பெற்றுவிடும். அண்மைக் காலமாக உயிர்பெறும்போது முன்பக்கத்திலிருந்து ஒரு கீச்சொலி எழும். பெல்ட் தளர்ந்துவிட்டது போலும். அப்பாவிடம் சொன்னேன். "அப்படி ஒண்ணும் இல்லையேம்மா" என்றார். வண்டியைப் பற்றி அவரிடம் வாதாடுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

அவருடைய குறை வேறு. "ரேடியோ சரியில்லை. செய்தி வாசிக்கிறவங்க எல்லாம் வாயில வெத்தலை போட்டுக்கிட்டு வாசிக்கிறாங்க."

வண்டியோடு வந்த கேசட் வானொலி அது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வெயிலையும் செம்மண் தூசியையும் தாங்கியிருக்கிறது. டேஷ்போர்டின் இரு ஓரங்களிலும் காற்பக்கத்தை நோக்கியபடி நான்கு அங்குல ஒலிபெருக்கிகள். வலப்பக்கத்தது கரகரக்கும். இடப்பக்கத்தது இடையில் ஒருமுறை மாற்றப்பட்டது. அந்த மாற்றத்துக்கும் ஒரு கதை உண்டு. ஒலிநாடா சிக்கிக்கொண்டு வானொலியும் பேசாமற்போனபோது, அப்பா ஹாஃப்கட் கடை ஒன்றில் அறுபது வெள்ளிக்கு ஒரு பெட்டி வாங்கி மாட்டினார். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்குமதி செய்யப்பட்ட வண்டிகளிலிருந்து கழற்றிய பெட்டி. பார்க்கப் பளபளப்பு. முள்ளை எங்கே திருப்பினாலும் தமிழ் மட்டும் வரவில்லை. ஜப்பானில் பண்பலை வரிசை 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை இருந்தது. நம் நாட்டில் 87.5 முதல் 108 வரை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம் மிகக் குறுகியது. அதில் நமக்குரிய நிலையம் எதுவும் அகப்படவில்லை. அப்பா பழைய பெட்டியைப் பழுதுபார்த்து மீண்டும் மாட்டிக்கொண்டார். பழைய ஹைலக்ஸ் வைத்திருப்போர் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஜப்பானியப் பெட்டியை வாங்குமுன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அம்மா இறந்தபின் அந்த வானொலிதான் அவருக்குப் பேச்சுத்துணை. காலைச் செய்தியை மின்னலில் கேட்டபடிதான் சந்தைக்குப் புறப்படுவார். வானொலி 6 என்று அது அழைக்கப்பட்ட காலத்திலிருந்தே கேட்டு வருபவர். ஆகவே நல்ல பெட்டியாகப் போட்டுக் கொடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் என் கல்விச் செலவுக்கென அவர் கணக்குப் பார்த்ததில்லை.

ஈப்போவில் வண்டி அலங்காரப் பொருள் விற்கும் கடை ஒன்றுக்கு அப்பாவையும் வண்டியையும் அழைத்துச் சென்றேன். முதலாளி சீனர். டேஷ்போர்டைத் தட்டிப் பார்த்தார், கதவைத் தட்டிப் பார்த்தார். கதவுத் தகட்டில் வட்டமாக வெட்டி ஆறரை அங்குல ஒலிபெருக்கி பொருத்தலாம், அப்போதுதான் 'பாஸ்' இறங்கும் என்றார். "பொத்தோங் சிக்கிட் சஹாஜா" என்று கையால் வட்டம் போட்டும் காட்டினார். கொஞ்சந்தான் வெட்டுவாராம். அப்பா கதவின்மீது கைவைத்து நின்றுகொண்டார். மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் முப்பது வருடம் காத்த கதவு, அதை வெட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

முதலாளி சொன்னதில் நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆறரை அங்குலக் கூம்பின் பரப்பு நான்கு அங்குலக் கூம்பினதைவிட இரண்டரை மடங்குக்கும் மேல். தாழ்ந்த ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். சிறிய கூம்பால் அது இயலாது. ஆனால் செய்தி கேட்க மிருதங்கத்தின் தொப்பி எதற்கு? மனிதக் குரலுக்கு நான்கு அங்குலம் போதும். துளையும் அளவும் ஏற்கெனவே இருக்கின்றன. ஒன்றையும் வெட்ட வேண்டியதில்லை.

அங்கே வேலை செய்யும் இளைஞர் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அருகில் வந்து, "டீச்சர், என்னைத் தெரியலையா?" என்றார். அப்போதைய யு.பி.எஸ்.ஆர். தேர்வில் மூன்று பாடங்களில் தவறிய மாணவர். தேர்வு முடிவு வந்த நாளில் நான் அவரிடம் என்ன பேசினேன் என்பது எனக்கு நினைவில்லை. அவருக்கு நினைவிருக்கலாம். நான் கேட்கவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு எனக்கு அவர் பாடம் நடத்தத் தொடங்கினார்.

புதிய பெட்டியின் அட்டையில் 50 × 4 வாட்டு என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. "அதைப் பாக்காதீங்க டீச்சர்" என்று சிரித்தார். எனக்கு விடவில்லை. விலைச்சீட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன். எஞ்சின் ஓடும்போது வண்டியின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். ஒலிபெருக்கியின் தடை 4 ஓம். அலையின் உச்சம் 14.4 என்றால் அதன் பயனுறு அளவு 1.414ஆல் வகுக்கக் கிடைக்கும் 10.18. அதைத் தன்னால் பெருக்கி நான்கால் வகுத்தால் 26 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. இழப்பே இல்லாவிட்டாலும் அவ்வளவுதான். இழப்புகள் போகத் தெளிவாகக் கிடைப்பது 18, 20 வாட்டு. அப்படியானால் ஐம்பது எங்கிருந்து வந்தது? 14.4ஐ 14.4ஆல் பெருக்கி நான்கால் வகுத்துப் பாருங்கள்: 51.84. அலைகளின் தலை தட்டையாகும்படி முறுக்கி, ஒலி இரைச்சலாக மாறிய நிலையில் கிடைக்கும் எண் அது. ஆறாம் ஆண்டு மாணவர்க்கு நல்ல கணக்கு. (1.414 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்காதவரை.)

காது ஒலியைக் கணக்கிடும் விதமும் வேறு. ஆற்றலை இருமடங்காக்கினால் 3 டெசிபல் மட்டுமே கூடும். இருமடங்கு உரக்கக் கேட்பதுபோல் தோன்றுவதற்கு ஏறத்தாழப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். ஆகவே பெட்டியில் வாட்டைத் தேடுவதைவிட, ஒரே ஆற்றலுக்குக் கூடுதலாக ஒலிக்கும் ஒலிபெருக்கியைத் தேர்ந்தெடுப்பது சிக்கனம். 87 டெசிபல் என்று குறித்த ஒன்றையும் 90 என்று குறித்த ஒன்றையும் அந்த இளைஞர் காட்டினார். விலையில் இருபது வெள்ளி வேறுபாடு. அந்த மூன்று டெசிபலைப் பெட்டியின் வழியே பெற வேண்டுமானால் ஆற்றலை இரட்டிப்பாக்க வேண்டியிருக்கும். 90ஐ எடுத்துக்கொண்டோம்.

அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பழைய பெட்டியைக் கழற்றியபோது பின்னாலிருந்து ஒரு கைப்பிடி செம்மண்ணும் ஒரு பல்லி முட்டை ஓடும் கொட்டின. பழைய கம்பிகளை வெட்டாமல், வண்டியின் சாக்கெட்டுக்கும் புதிய பெட்டிக்கும் இடையில் மாட்டும் இணைப்புக் கம்பித் தொகுதி ஒன்றை எடுத்தார். டொயோட்டாவுக்கென்று தனியாக விற்கிறது, இருபத்தைந்து வெள்ளி. இதற்குக் கஞ்சத்தனம் பார்த்துக் கம்பிகளை வெட்டி முறுக்கி நாடா ஒட்டுவோர் உண்டு. வெயிலில் அந்த நாடாவின் பசை உருகி, ஆண்டுக்குள் கழன்றுவிடும்.

வண்ணங்களையும் சொல்லிக் கொடுத்தார். மஞ்சள் கம்பி மின்கலத்திலிருந்து எப்போதும் வருவது. நிலையங்களின் நினைவைக் காப்பது அது. சிவப்பு, சாவி திருப்பினால் வருவது. இரண்டையும் மாற்றி இணைத்தால் ஒவ்வொரு முறை வண்டியை அணைக்கும்போதும் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும். கறுப்பு, வண்டியின் உடலோடு சேர்வது. அதைத் துருப்பிடித்த இடத்தில் சேர்த்தால் எஞ்சின் வேகத்துக்கேற்ப வானொலியில் ஓர் ஊளை ஏறி இறங்கும். வெள்ளை இடப்பக்க முன் ஒலிபெருக்கிக்கு, சாம்பல் வலப்பக்கத்துக்கு. அவற்றிலேயே கறுப்புக் கோடு போட்டது எதிர்முனை.

எதிர்முனையைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகத்தில் ஓர் ஆசிரியரின் மகிழ்ச்சியைக் கண்டேன். கழற்றிய பழைய ஒலிபெருக்கியின் முனைகளில் ஒன்றரை வோல்ட் மின்கலத்தை ஒரு நொடி தொட்டார். கூம்பு வெளியே துள்ளியது. மின்கலத்தைத் திருப்பித் தொட்டார். உள்ளே போயிற்று. இடப்பக்க ஒலிபெருக்கி மாற்றப்பட்டபோது முனைகளைத் தலைகீழாக இணைத்திருக்கிறார்கள். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுத்திருக்கிறது. தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, இத்தனை ஆண்டுகளும் தகரத்தைத் தட்டினாற்போன்ற பாட்டைத்தான் அப்பா கேட்டிருக்கிறார். வலப்பக்கத்தின் காகிதக் கூம்பு ஓரத்தில் கிழிந்திருந்தது. ஏரியல் குழாயின் அடி துருவேறியிருந்தது. அதற்கும் புதிது போட்டோம்.

குறைகள் இத்தனை கிடைத்ததில் எனக்குப் பெருமகிழ்ச்சி. அப்பா சொன்னது சரி, வானொலிதான் பழுது.

பெட்டி 260 வெள்ளி, ஒலிபெருக்கிகள் 150, இணைப்புக் கம்பி 25, ஏரியல் 35, கூலி 50. மொத்தம் 520 வெள்ளி. எல்லாம் பொருத்தி முடிந்தபின், ஒலிபெருக்கிகள் சீராக வேலை செய்கின்றனவா என்று பார்க்க, அந்த இளைஞர் தம் கைப்பேசியிலிருந்து புளுடூத் வழியாக ஓர் ஒலியை அனுப்பினார். தாழ்ந்த உறுமலில் தொடங்கிச் சிறிது சிறிதாக உயர்ந்து செல்லும் ஒரே சீரான ஒலி. 200 ஹெர்ட்ஸ், 500, 1000. அப்பா ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து தலையசைத்துக்கொண்டிருந்தார். நானும் இளைஞரும் திறந்த கதவருகே நின்றோம். 2000ஐத் தாண்டியது. 3000ஐ நெருங்கும்போது எனக்குக் காது கூசியது.

"ஏம்ப்பா நிறுத்திட்டே?" என்றார் அப்பா.

ஒலி நிற்கவில்லை. ஊசிபோல் குத்திக்கொண்டிருந்தது. சாலையில் போன பெண்ணொருத்தி திரும்பிப் பார்த்தாள். இளைஞர் என்னைப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் ஒலியை அணைத்துவிட்டு, "முடிஞ்சிருச்சு தாத்தா, நல்லா இருக்கு" என்றார்.

பணம் கட்டும் இடத்தில் என்னருகே வந்து தணிந்த குரலில், "டீச்சர், தாத்தாவுக்குக் காதைப் பாக்கணும்" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "எனக்குத் தெரியும்பா, அவர்கிட்ட ஒண்ணும் சொல்லிடாதே" என்றேன். எனக்குத் தெரியாது. அந்த நொடியில்தான் தெரிந்தது. பெட்டியின் ஒலிச்சீராக்கியில் உயர்ந்த பகுதிகளைக் கூட்டி, தாழ்ந்ததைக் குறைத்து வைக்கச் சொன்னேன். ஒலியளவு முப்பத்தைந்து வரை போகும் பெட்டி. அப்பா அதை இருபத்தெட்டில் வைத்துக்கொண்டு, "இப்பதான்மா தெளிவா இருக்கு" என்று மகிழ்ச்சியோடு ஓட்டிச் சென்றார். கழற்றிய பழைய பெட்டியை நாளிதழில் சுற்றி இருக்கைக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

ஒரு வண்டியைப் பழுதுபார்ப்பது எளிது. எழுபத்தாறு வயது அப்பாவிடம் போய் உங்களுக்குக் காது கேட்கவில்லை என்று சொல்வது அப்படியன்று. நான் எளியதைத் தேர்ந்துகொண்டேன். வீட்டுக்குத் திரும்பியபின் பழைய நினைவுகள் ஒவ்வொன்றாக வேறு பொருள் தந்தன. தொலைபேசியில் பேரப்பிள்ளைகளிடம் "சரிப்பா, சரிப்பா" என்று மட்டுமே சொல்லி வைத்துவிடுவார். திருமண வீடுகளில் பேச்சுக்கூட்டத்தில் அமராமல் வண்டியருகே போய் நிற்பார். அம்மா போன துயரம் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

இரண்டு வாரம் கழித்துச் சித்தப்பா தொலைபேசியில் அழைத்தார். செம்பனைக் குலைகளை இறக்கும் இடத்தில் அப்பா வண்டியைப் பின்னோக்கி எடுத்திருக்கிறார். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த இந்தோனேசியத் தொழிலாளி ஹாரன் அடித்திருக்கிறார், கத்தியிருக்கிறார். கண்ணாடிகள் ஏற்றப்பட்டு, வானொலி முப்பதில் பாடிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் குதித்துத் தப்பினார். முழங்காலில் நான்கு தையல். மோட்டார் சைக்கிளின் விளக்கு நொறுங்கியது. அப்பா மருத்துவச் செலவைக் கொடுத்து, விளக்கும் வாங்கிக் கொடுத்துவிட்டார். என்னிடம் மட்டும் சொல்லவில்லை.

முப்பதில் பாடிய அந்த வானொலி நான் பொருத்தியது. 90 டெசிபல் ஒலிபெருக்கியைத் தேர்ந்தெடுத்தவளும் நான்தான்.

மறுநாளே புறப்பட்டுப் போனேன். பேச்சைச் சுற்றி வளைத்துத் தொடங்கி, எங்கெங்கோ போய், கடையில் நடந்ததைச் சொன்னேன். அந்த ஒலி நிற்கவில்லை அப்பா, நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று சொன்னேன். அவர் நெடுநேரம் கத்திரிச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பையனுக்கும் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "நல்ல பையன். காட்டிக் கொடுக்கலை" என்றார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மருத்துவமனையில், ஒலி புகாத சிற்றறையில் அமர்த்திக் காதில் கருவி மாட்டி, கடையில் கேட்ட அதே வகை ஒலிகளைத்தான் கொடுத்தார்கள். 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 வரை. வரைபடத்தை என்னிடம் காட்டினார் பரிசோதித்த பெண்மணி. இடப்பக்கம் ஓரளவு சமதளம். 2000க்குப் பிறகு மலையிலிருந்து இறங்குவது போன்ற சரிவு. 4000ஐச் சுற்றி ஆழம். முதுமையில் உயர்ந்த ஒலிகள்தாம் முதலில் மறையும், ஆனால் இது முதுமை மட்டுமன்று, நெடுங்கால இரைச்சலும் சேர்ந்திருக்கிறது என்றார். அப்பா 22 ஆண்டுகள் தோட்டத்து ரப்பர் ஆலையில் உருளை இயந்திரங்களுக்கு நடுவில் நின்றவர். வேலையிட இரைச்சலுக்கான விதிமுறைகள் நம் நாட்டில் 1989இல் வந்தன. எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது அப்போதைய வரம்பு. 2019இல் வந்த புதிய விதிமுறைகள் அதை 85 ஆக்கின. அப்பா வேலைக்குச் சேர்ந்தபோது இவற்றுள் ஒன்றும் இல்லை. காதுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டால் மேற்பார்வையாளர் திட்டுவது கேட்காது, அதற்கும் திட்டு விழும் என்று அவர் வேடிக்கையாகச் சொன்னது நினைவுக்கு வந்தது.

சத்தத்தைக் கூட்டினால் ஏன் போதவில்லை என்று கேட்டேன். அவர் சொன்ன விளக்கம் தமிழாசிரியையான எனக்கு நன்றாகவே விளங்கிற்று. பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்தவை, வலுவானவை. மெய்களில் பல, குறிப்பாக 'ச', 'ஸ' போன்றவை, உயர்ந்தவை, மெலிந்தவை. ஒலியளவைக் கூட்டும்போது ஏற்கெனவே கேட்பதுதான் மேலும் உரக்கக் கேட்கும். கேட்காதது அதன் அடியில் அமிழ்ந்துவிடும். அப்பாவுக்கு உயிர் கேட்டுக்கொண்டிருந்தது, மெய்தான் கேட்கவில்லை. 'பத்து' என்றாலும் 'பட்டு' என்றாலும் அவருக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்று. வாயில் வெற்றிலை போட்டுக்கொண்டு வாசிக்கிறார்கள் என்று அவர் சொன்னது எவ்வளவு துல்லியமான வருணனை!

அந்த இரு சொற்களையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தபோது ஒரு குறிப்பேடு கண்முன் வந்து நின்றது. என் இரண்டாம் ஆண்டு வகுப்பில் கடைசி வரிசையில், காற்றாடிக்கு நேர்கீழே அமரும் ஒரு சிறுவன். சொல்வதெழுதுதலில் 'பத்து' என்று சொன்னால் 'பட்டு' என்றும், 'கதவு' என்றால் 'கடவு' என்றும் எழுதுவான். மூன்று வாரம் தொடர்ந்து சிவப்பு மையால் "கவனம் தேவை" என்று எழுதியிருக்கிறேன். விடுமுறை முடிந்த முதல் நாள் அவனை முன்வரிசைக்கு மாற்றினேன். அவன் தாயாரை அழைத்து, மருந்தகத்தில் காதைக் காட்டச் சொன்னேன். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளை. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருப்பதாகவும் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்களாம். பெற்றோரே, சளி விட்ட பின்னும் பிள்ளை தொலைக்காட்சியை உரக்க வைத்தால் திட்டுவதற்குமுன் ஒருமுறை காதைப் பாருங்கள். அந்தக் குறிப்பேட்டில் நான் எழுதியதை அடித்துவிட்டுப் பக்கத்தில் கையொப்பமிட்டேன். அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

செவிக்கருவியின் விலை நான் பிக்கப்புக்குச் செலவழித்ததைப்போல் பல மடங்கு. நானும் தம்பியும் பகிர்ந்துகொண்டோம். எந்த அலைவரிசையில் எவ்வளவு கேட்கவில்லையோ அதற்கேற்ப அந்த இடத்தை மட்டும் கூட்டிக் கொடுக்கும்படி கணினியில் இணைத்துச் சீர்செய்தார்கள். நான் வண்டியின் ஒலிச்சீராக்கியில் குத்துமதிப்பாகச் செய்ய முயன்ற அதே வேலை. பழகுவதற்குச் சில வாரங்கள் ஆகும், முதலில் தாளைத் திருப்பும் ஒலிகூட எரிச்சலூட்டும் என்று எச்சரித்து அனுப்பினார்கள். அப்பா வழியெல்லாம் பேசவில்லை. என் மகிழுந்தின் திசைகாட்டி விளக்கு "டிக் டிக்" என்பதை மட்டும் உற்றுக் கேட்டுக்கொண்டு வந்தார்.

வீடு சேர்ந்ததும் பிக்கப்பில் ஏறினார். நான் பக்கத்து இருக்கையில் அமர்ந்தேன். இந்த முறையாவது அந்த 520 வெள்ளியின் அருமை தெரியட்டும் என்ற ஆசைதான். அவருடைய ஒலிநாடாக்களிலிருந்து டி.எம். சௌந்தரராஜன், சீர்காழி கோவிந்தராஜன் பாடல்களைக் கணினியில் பதிவு செய்து, விரலளவு கருவியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தேன். அதற்கு மட்டும் விடுமுறையில் மூன்று நாள் பிடித்தது. அதைப் பெட்டியில் செருகினேன். சாவியைத் திருப்பினார். எஞ்சின் உயிர்பெற்றது. பாட்டு தொடங்கி இரண்டு சொல்கூட ஆகியிருக்காது, கையை நீட்டி வானொலியை அணைத்துவிட்டார்.

தலையைச் சாய்த்துக் கேட்டார். முகம் சுருங்கியது.

"என்னம்மா இது, பெல்ட் இப்படிக் கத்துது? எத்தனை நாளா?"

"மூணு மாசமாப்பா. சொன்னேனே."

"சொன்னியா?" என்றபடி முன்மூடியைத் திறக்கும் பிடியை இழுத்தார். "அந்தச் சீட்டுக்குப் பின்னாடி ஸ்பானர் பை இருக்கும், எடுத்துட்டு வா."